1992க்கு முன்னால் உதைபந்தே இல்லையாம்

"பிரீமியர் லீக் 1992இல் தொடங்கிய பிறகுதான் இங்கிலாந்தில் கால்பந்து என்று ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் சேறு, பந்தைத் தூக்கி உதைத்துவிட்டு ஓடுவது, வெளியே அடிதடி, அவ்வளவுதான். பழைய ரசிகர்கள் 'அந்தக் காலம்' என்று உருகுவது வெறும் வயதுக் கோளாறு. யாராவது மறுக்க முடியுமா?"
(சென்னையிலிருந்து ஒரு வாசகர், மான்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்)

2024 ஜூன் 8

வயதுக் கோளாறு உண்டு, மறுக்கவில்லை. சேறும் உண்டு. பெப்ரவரி மாதத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரு புல்லும் மிஞ்சாது, மணல் கொட்டி மூடியிருப்பார்கள். ஆனால் உதைபந்தே இருக்கவில்லை என்பதை விடமுடியாது.

நான் 1984இல் பத்து வயதில் கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தவன். 83க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களில் ஒன்று. மாமாவின் வீட்டில் இறங்கினோம். அங்கிருந்து வெஸ்ட் ஹாம் யுனைட்டட்டின் அப்டன் பார்க் மைதானத்துக்கு நடந்தே போகலாம். எந்த அணி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வெஸ்ட் ஹாம்.

1985-86 பருவத்தை எடுங்கள். வெஸ்ட் ஹாம் மூன்றாமிடம். முதல் பிரிவில் (அன்றைக்கு அதுதான் ஆக உயர்ந்த லீக்) அந்த அணி எடுத்த ஆகச் சிறந்த இடம் இன்றுவரை அதுதான். ஃபிராங்க் மக்கவெனி லீக்கில் மட்டும் 26 கோல், டோனி கொட்டி 20. கடைசிச் சனிக்கிழமைவரை கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்றைக்கு லிவர்பூல் செல்சியில் போய் வென்று எடுத்துக்கொண்டுபோனது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்தப் பருவத்தின் முதல் பாதி முழுக்க லீக்குக்கும் தொலைக்காட்சிக்கும் பணத் தகராறு. ஒரு மட்ச்கூட ரிவியில் இல்லை. வாரா வாரம் கோல் போட்டுக்கொண்டிருந்த மக்கவெனி தெருவில் போனால் பலருக்கு அடையாளம் தெரியாது.

அந்த ஏப்ரல் 21, திங்கட்கிழமை இரவு, நியூகாசிலை 8-1. பின்வரிசை ஆட்டக்காரர் அல்வின் மார்ட்டின் மூன்று கோல் போட்டார், மூன்றும் வெவ்வேறு கோல்காப்பாளருக்கு எதிராக. முதல் ஆள் காயம், அவருக்குப் பதில் நின்ற கிறிஸ் ஹெட்வொர்த்தும் காயம், கடைசியில் முன்வரிசை பீட்டர் பியர்ட்ஸ்லி கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். இது 1992க்கு முன்னால் நடந்தது, தம்பி.

2024 ஜூன் 9

அந்த மட்சை நேரில் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. வீட்டிலிருந்து கேட்டேன்.

கேட்டேன் என்றால் வானொலியில் அல்ல. காற்று சரியாக இருந்தால் மைதானத்துச் சத்தம் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு வரும். கொஞ்ச நாளில் அதைப் படிக்கப் பழகிவிட்டோம். எங்கள் கோல் என்றால் சத்தம் ஒரேயடியாக எழும்பி இறங்காமல் நிற்கும். கம்பத்தில் பட்டுப் போனால் எழும்பின சத்தம் பாதியில் உடையும். எதிரணி கோல் போட்டால் ஒரு மூலையில் மட்டும் இரைச்சல், மற்ற இடமெல்லாம் செத்த அமைதி. சந்தேகம் தீர்க்க ஓடிவந்து ரிவியில் சீஃபாக்ஸ் என்ற பிபிசியின் எழுத்துச் செய்திச் சேவையில் 302ஆம் பக்கத்தைத் தட்டுவது. நியூகாசில் இரவில் தம்பியும் நானும் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒன்பது என்று அவன் சண்டை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் மூன்று கோல்காப்பாளர் கதையைச் சொன்னபோது என்னைப் பேய்க்காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு ஏன் போகவில்லை? இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும். நாளைக்கு.

2024 ஜூன் 11

நாளைக்கு என்று சொல்லி இரண்டு நாள் ஆகிவிட்டது. வேலை.

எண்பதுகளில் மட்ச் நடக்கும் சனிக்கிழமை என்றால் அம்மாவின் சட்டம் ஒன்று: ஒரு மணிக்கு முன்னால் கிரீன் ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கி முடித்துவிட வேண்டும், ஆறு மணிவரை வெளியே தலைகாட்டக்கூடாது. தெருவில் நம்மவர், குஜராத்தியர், பஞ்சாபியர் கடைகள் பல. சில கடைக்காரர் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கிவிடுவார்கள். மைதானத்து வாசலில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற வெள்ளை இனவாதக் கட்சியின் ஆட்கள் பத்திரிகை விற்றார்கள். இன்டர் சிட்டி ஃபர்ம் என்று வெஸ்ட் ஹாமுக்கென்றே ஒரு சண்டைக் கூட்டம், அடித்துப்போட்டவர்களின் மேல் பெயரட்டை வைத்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களின் குறி பெரும்பாலும் எதிரணி ஆட்கள்தான். ஆனால் தெருவில் நடந்துபோகிற மண்ணிறத் தோல் பெடியனுக்கு அந்தக் கணக்கு விளங்கவா போகிறது? ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் ஒரு கூட்டம் எங்களைச் சுற்றி நின்று பாடியது. கை வைக்கவில்லை, பாட்டு மட்டும்தான். அந்தப் பாட்டை இங்கே எழுதமாட்டேன்.

"காசு கொடுத்து அடி வாங்கப் போகிறாயா" என்பது அப்பாவின் கேள்வி. பதில் என்னிடம் இருக்கவில்லை.

ஆகவே சென்னைத் தம்பி சொல்வதில் அடிதடிப் பகுதி உண்மை. அதை எங்களைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. "அந்தக் காலம்" என்று உருகுகிற வெள்ளைக்கார நண்பர்களோடு எனக்கு ஒத்துவராத இடமும் இதுதான். அவர்களின் பொற்காலத்தில் நான் யன்னலுக்கு உள்ளே இருந்தேன்.

2024 ஜூன் 12

நேற்று எழுதினதை வைத்துக்கொண்டு "வெஸ்ட் ஹாம் என்றாலே இனவாதக் கூட்டம்" என்று இருவர் முடிவுகட்டிவிட்டார்கள். அப்படியும் இல்லை. 1972 ஏப்ரல் 1, டொட்டன்ஹாமுக்கு எதிராக வெஸ்ட் ஹாம் ஒரே ஆட்டத்தில் மூன்று கறுப்பின ஆட்டக்காரரை இறக்கியது: கிளைட் பெஸ்ட், கிளைவ் சார்ல்ஸ், அடே கோக்கர். முதல் பிரிவில் வேறெந்த அணியும் அதற்கு முன் செய்யாதது. அதே மைதானத்தில்தான் வாழைப்பழமும் எறிந்தார்கள். பெர்முடாவிலிருந்து பதினேழு வயதில் தனியாக வந்த பெஸ்டுக்குக் கைதட்டினதும் ஏசினதும் ஒரே படியில் நின்ற சனம். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

2024 ஜூன் 17

யூரோ, அதாவது ஐரோப்பியக் கிண்ணம், தொடங்கிவிட்டது, எல்லாரும் இழையை விட்டு ஓடிவிட்டார்கள். சேர்பியாவை இங்கிலாந்து 1-0. பெல்லிங்கம் தலையால் போட்டார், பிறகு அறுபது நிமிடம் கொட்டாவி.

"தமிழருக்குக் கிரிக்கெட்தான் தெரியும், நீ எப்படி இதில் விழுந்தாய்" என்று கேட்டவருக்கு: யாழ்ப்பாணத்தில் உதைபந்துப் பைத்தியம் பிடித்த நாவாந்துறை, குருநகர், பாசையூர் பக்கம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு முழுசாக வந்துவிடுங்கள், பிறகு கதைப்போம்.

2024 ஜூலை 7

சுவிஸுக்கு எதிராகப் பெனால்டியில் 5-3. ஐந்தும் உள்ளே. சாக்கா வந்து வைத்தபோது நான் ரிவியைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021 யூரோ இறுதியாட்டத்தில் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரும் தவறவிட்ட இரவு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த நாள் இணையத்தில் அவர்கள் மேல் கொட்டின இனவாத அழுக்கும் ஞாபகம் இருக்கிறது. சாக்காவுக்கு அப்போது 19 வயது.

வெளியே பத்திரிகை விற்ற ஆட்கள் எங்கேயும் போய்விடவில்லை, கைத்தொலைபேசிக்குள் குடிவந்திருக்கிறார்கள். வித்தியாசம், இப்போது அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல நிறையச் சனம் இருக்கிறது. மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தைக் கெடுத்ததும் மற்றவர்கள் வந்து அன்பான துண்டுகளால் அதை மூடிவிட்டார்கள். எண்பதுகளில் இது நடந்திருக்காது.

2024 ஜூலை 9

சம்பந்தமில்லாத ஒன்று. சனிக்கிழமை ஐந்து மணிக்கு பிபிசி வானொலியில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் கோர்டன் முடிவுகள் வாசிப்பது யாருக்காவது ஞாபகமா? முதல் அணியின் பெயரையும் எண்ணையும் சொல்லி, இரண்டாவது அணியின் பெயருக்கு வரும்போதே குரலின் ஏற்ற இறக்கத்தில் முடிவு தெரிந்துவிடும். எண் வருமுன் நாங்கள் சொல்லிவிடுவோம். 1974 முதல் 2013வரை வாசித்தார். ஆங்கிலம் சரியாகத் தெரியாத அம்மம்மாகூட அந்தக் குரலை வைத்து வெஸ்ட் ஹாம் தோற்றதா இல்லையா என்று சொல்லுவார். பெரும்பாலும் தோற்றிருக்கும் என்பதால் அது பெரிய திறமை அல்ல என்பது என் தம்பியின் கட்சி.

2024 ஜூலை 15

ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. ஓயார்சபால், 86ஆவது நிமிடம். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

2024 ஜூலை 16

இங்கிலாந்துப் பயிற்சியாளர் சவுத்கேட் விலகிவிட்டார். இப்போது எழுதத் தோன்றுகிறது.

சவுத்கேட்டைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஆண்கள் அணி 1966க்குப் பிறகு ஒரு பெரிய இறுதியாட்டத்தையும் எட்டியதில்லை, அவர் அடுத்தடுத்து இரண்டு யூரோ இறுதிக்குக் கொண்டுபோனார். விளையாட்டு சலிப்பூட்டியது, சரி. ஆனால் 1994 உலகக் கிண்ணத்துக்குத் தகுதியே பெறாத இங்கிலாந்தைப் பார்த்தவனுக்கு அந்தச் சலிப்பு இனிக்கும்.

அப்புறம், 66இல் உலகக் கிண்ணத்தை வென்றது இங்கிலாந்து அல்ல, வெஸ்ட் ஹாம். இது ஈஸ்ட் ஹாமில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இறுதியாட்டத்தில் நான்கு கோல்: மூன்று ஜெஃப் ஹர்ஸ்ட், ஒன்று மார்ட்டின் பீட்டர்ஸ். தலைவர் பொபி மூர். மூவரும் வெஸ்ட் ஹாம். ஹர்ஸ்டின் முதல் கோலுக்கு ஃப்ரீ கிக்கைச் சட்டென்று எடுத்துப் போட்டவர் மூர். கடைசிக் கோலுக்குப் பின்னாலிருந்து நீளமாகக் கொடுத்தவரும் மூர். மற்ற எட்டுப் பேர் எண்ணிக்கைக்கு நின்றார்கள்.

2024 ஜூலை 17

பகிடி ஐயா, பகிடி. கோர்டன் பாங்ஸையும் பொபி சார்ல்டனையும் எனக்கும் தெரியும். ஒருவர் மூன்று பத்திக்கு மறுப்பு எழுதியிருக்கிறார்.

பார்க்கிங் ரோட் (Barking Road) சந்தியில் நிற்கும் சிலையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கிண்ணத்தோடு மூரைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்கள். ஹர்ஸ்ட், பீட்டர்ஸ், அவர்களோடு நாலாவது ஆளாக ரே வில்சன். வில்சன் எவர்ட்டன்காரர். வெஸ்ட் ஹாம் கோட்டையின் வாசலில் ஒரு எவர்ட்டன் ஆள் வெண்கலத்தில் நிற்கிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உலகக் கிண்ணம் தூக்கிய தலைவருக்கு விளையாட்டை விட்டபிறகு உதைபந்து உலகம் உருப்படியாக ஒரு வேலையும் கொடுக்கவில்லை. கடைசியில் லண்டன் வானொலியொன்றில் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார். 1993 பெப்ரவரி 17 வெம்பிளியில் சன் மரினோ ஆட்டத்துக்கு வந்து வர்ணனை செய்தார், ஒரு வாரத்தில் 51 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். அப்டன் பார்க்கின் இரும்புக் கதவு பூக்களாலும் கழுத்துத் துண்டுகளாலும் நிறைந்தது. டொட்டன்ஹாம் துண்டு, ஆர்சனல் துண்டு எல்லாம் அதில் இருந்தன. அவர் போனபிறகு ஒரு பக்கத்து இருக்கைக் கட்டடத்துக்கு அவர் பெயர். ஆறாம் எண் சட்டையை 2008இல் ஓய்வாக்கினார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு மேசையும் கதிரையும் கொடுத்திருக்கலாம்.

2024 ஜூலை 21

சரி, உள்ளே எப்போது போனேன் என்ற கேள்விக்கு வருகிறேன்.

1990-91 பருவம். வெஸ்ட் ஹாம் இரண்டாம் பிரிவில் கிடந்தது. என் வகுப்புத் தோழனின் தகப்பன் ஜமேக்காக்காரர், எழுபதுகளில் கிளைட் பெஸ்டைப் பார்ப்பதற்கென்றே போனவர். அவர் கூட்டிக்கொண்டுபோனார். அவர் சொன்ன புத்திமதிகள்: கோலுக்கு நேர் பின்னால் நிற்காதே. சுவரோரம் நில். புதுச் சப்பாத்துப் போட்டு வராதே. மூன்றாவது ஏன் என்று இடைவேளைக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது. நெரிசலில் கழிப்பறைவரை போகமுடியாதவர்கள் நின்ற இடத்திலேயே காரியத்தை முடித்தார்கள். படி சரிவாக இருந்ததால் அது கீழே ஓடிவந்தது.

ஆட்டத்தில் என்ன நடந்தது என்று பெரிதாக ஞாபகமில்லை. புல் இவ்வளவு கிட்டவா என்ற திகைப்புத்தான் ஞாபகம். பந்தை எறிய வருகிறவரின் மூச்சு கேட்கும். பின்வரிசை ஆட்கள் ஒருவரையொருவர் ஏசுவது கேட்கும்.

அந்த நேரம் எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. 1989 ஏப்ரல் 15 ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் லிவர்பூல் ரசிகர்கள் கம்பி வேலிக்குள் நசுங்கினார்கள். 97 பேர். காவல்துறையும் சில பத்திரிகைகளும் இறந்தவர்கள் மேலேயே பழியைப் போட்டன. உண்மையை நீதிமன்றத்தில் நிறுவ 2016வரை போனது. டெய்லர் நீதிபதியின் அறிக்கை 1990இல் வந்து, பெரிய மைதானங்களில் எல்லாரும் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும் என்றது. வேலிகள் போயின. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நெரிசலில் நின்று பார்ப்பதன் சுகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹில்ஸ்பரோவில் சனம் நசுங்கிய லெப்பிங்ஸ் லேன் பக்கத்தையும் நினைக்கட்டும்.

ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: இருக்கை போட்டதற்காக விலையை ஏற்றத் தேவையில்லை. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை உதாரணம் காட்டியது. இருக்கை 6 பவுண், நிற்க 4 பவுண். அந்தப் பகுதியை எல்லா அணி முதலாளிகளும் வசதியாகப் புரட்டிவிட்டார்கள். வெஸ்ட் ஹாமில் 1991-92இல் கடன்பத்திரத் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 500 பவுணிலிருந்து 975 பவுண்வரை கட்டினால் பருவ ரிக்கெட் வாங்கும் உரிமை கிடைக்கும். ரிக்கெட் அல்ல, ரிக்கெட் வாங்கும் உரிமை. சனம் கொதித்துப்போனது. ஒரு ஆட்டத்தில் ஒரு ஆள் மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டுபோய் நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். திட்டம் படுத்தது, அணியும் அந்த வருடம் கீழே இறங்கியது.

நான் சொல்லவருவது இதுதான். எண்பதுகளில் எனக்குக் காசு இருந்திருந்தாலும் பாதுகாப்பு இருக்கவில்லை. பாதுகாப்பு வந்தபோது விலை ஏறத் தொடங்கியது. என்னைப்போன்றவனுக்கு இடையில் ஒரு காலம் கிடைத்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து 2016வரை. அந்தக் கதவு பிரீமியர் லீக்கால் திறந்தது அல்ல. ஹில்ஸ்பரோவில் செத்தவர்களாலும், இனவாதத்துக்கு எதிராக வாசலில் நின்று துண்டறிக்கை கொடுத்த சாதாரண ரசிகர்களாலும் திறந்தது. செய்மதி ரிவி பின்னால் வந்து கல்லாவில் உட்கார்ந்தது.

2024 ஜூலை 22

"அப்படியானால் கல்லாக்காரருக்கு ஒரு நன்றியும் இல்லையா? ஹென்றி, பெர்க்காம்ப், ரொனால்டோ எல்லாம் சும்மாவா வந்தார்கள்?" சென்னைத் தம்பிதான்.

வரட்டும், நல்லது. வெஸ்ட் ஹாமுக்கும் வந்தார்கள். பாவ்லோ டி கானியோ 1999 ஜனவரியில் வந்தார். அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், வயிற்றெரிச்சல் அதிகம்.

2024 ஜூலை 28

டி கானியோ. 2000 மார்ச் 26, விம்பிள்டன். ட்ரெவர் சின்கிளேர் வலப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்டார். டி கானியோ இரண்டு காலும் நிலத்தில் இல்லாமல், வலக்காலின் வெளிப்புறத்தால் காற்றிலேயே அடித்தார். நான் இருந்தேன். கோல் விழுந்து ஒரு கணம் சத்தமே வரவில்லை. கண்டது சரிதானா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டோம். வீட்டில் இருந்திருந்தால் நான் அதைக் கோல் என்று கணித்திருக்கமாட்டேன்.

அதே ஆண்டு டிசம்பரில் எவர்ட்டனில், கோல்காப்பாளர் கீழே விழுந்து கிடக்க, வலை திறந்து கிடக்க, தன்னிடம் வந்த பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். ஃபிஃபா அதற்கு விருதும் கொடுத்தது.

பிறகு 2005இல் ரோமில் லாட்சியோ ரசிகர்களுக்குக் கையை நீட்டிப் பாசிச வணக்கம் வைத்தார். தான் பாசிஸ்ட்தான், இனவாதி அல்ல என்று விளக்கம் வேறு.

என்ன செய்வது? அவர் பெயர் அச்சடித்த சட்டை என்னிடம் இருந்தது. கிரீன் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருக்கிற ஒரு நண்பர், பஞ்சாபியர், அவர் இன்னும் கல்லாவுக்குப் பின்னால் டி கானியோ படத்தைக் கழற்றவில்லை. "கால் பாசிஸ்ட் அல்ல" என்கிறார். என்னால் அவ்வளவு லேசாக எடுக்கமுடியவில்லை. சட்டையை எறியவும் இல்லை, போடவும் இல்லை. அந்தக் கோலை இன்றைக்குக் காட்டினாலும் மயிர் சிலிர்க்கும், உடனே அந்தக் கையும் ஞாபகம் வரும்.

2024 ஆகஸ்ட் 2

கார்டிஃப் 2006ஐ ஏன் எழுதவில்லை என்று ஒரு லிவர்பூல் ரசிகர் நக்கலாகக் கேட்டிருக்கிறார். எஃப்ஏ கிண்ண இறுதி, 3-2 என்று முன்னால், தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் கூட்டிக் கொடுத்த கடைசி நிமிடங்கள். ஸ்கலோனி என்ற ஆர்ஜென்டீனக்காரர் பந்தைச் சரியாக வெளியேற்றவில்லை, சுற்றிவந்து ஜெரார்டின் காலில் விழுந்தது, முப்பது யார்டுக்கு மேலிருந்து அடித்தார். பெனால்டியில் தோல்வி. அந்த ஸ்கலோனிதான் 2022இல் மெஸ்ஸியோடு உலகக் கிண்ணத்தைத் தூக்கிய பயிற்சியாளர். நல்லவர், இன்னும் மன்னிக்கவில்லை.

டெவெஸ் விவகாரம் கேட்டவருக்கு: ஓம், விதிக்கு மாறாக எடுத்த ஆளை வைத்து நாங்கள் தப்பினோம், ஷெஃபீல்ட் யுனைட்டட் கீழே இறங்கியது, அநியாயம்தான். ஓம், 2007இல் ஓல்ட் ட்ராஃபோர்டில் டெவெஸ் கோல் போட்டபோது நான் குதித்தேன்.

2024 ஆகஸ்ட் 8

இந்த வாரம் உதைபந்து எழுத மனமில்லை. சவுத்போர்ட் கொலைகளுக்குப் பிறகு ஊர் ஊராகக் கலவரம், பள்ளிவாசல்கள், அகதிகள் தங்கும் விடுதிகள். நேற்று இங்கேயும் வரப்போகிறார்கள் என்று வதந்தி, கடைகள் மத்தியானமே பூட்டின. அம்மா தொலைபேசியில் "ஆறு மணிவரை வெளியே போகாதே" என்றார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அதே சட்டம். இரவு வால்தம்ஸ்டோவில் அவர்களை எதிர்த்து ஆயிரக்கணக்கான சனம் தெருவை நிறைத்து நின்றது. எதிர்த்து நின்றவர்கள் யார் என்று படங்களைப் பார்த்தேன். ஓரியன்ட், வெஸ்ட் ஹாம், ஆர்சனல் சட்டைகள் அதில் தெரிந்தன.

2024 ஆகஸ்ட் 15

நல்ல செய்தி. பார்ன்ஸ்லி அணிக்காக விமல் யோகநாதன் களமிறங்கிவிட்டார். வேல்ஸில் வளர்ந்தவர், பெற்றோர் இலங்கைத் தமிழர். இந்த நாட்டின் தொழில்முறை உதைபந்தில் ஆடும் முதல் தமிழர் என்று எழுதுகிறார்கள். லண்டனில் வார இறுதிகளில் எத்தனை தமிழ்ப் பாடசாலைப் பழைய மாணவர் அணிகள் பூங்காக்களில் ஆடுகின்றன! அங்கே ஆடிய கெட்டிக்காரப் பெடியள் பலரை "கணக்குப் படி, பந்து சோறு போடாது" என்று நாங்களேதான் வீட்டுக்கு இழுத்துவந்தோம். தேர்வாளர்களின் கண்ணில் படாததற்கு அவர்களின் பாரபட்சமும் காரணம், எங்கள் ரியூஷன் வகுப்பும் காரணம்.

2024 ஆகஸ்ட் 18

நேற்று முதல் மட்ச், வில்லாவிடம் 1-2. புதுப் பயிற்சியாளர், பழைய முடிவு.

2016 மே 10ஐ எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அப்டன் பார்க்கின் கடைசி ஆட்டம், எதிரணி சென்னைத் தம்பியின் மான்செஸ்டர் யுனைட்டட். அவர்களுடைய பஸ் கிரீன் ஸ்ட்ரீட்டில் சனத்துக்குள் மாட்டி, போத்தல் எறிந்து, ஆட்டமே 45 நிமிடம் தாமதம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1-2 என்று பின்னால் நின்று, அன்டோனியோ சமப்படுத்தி, வின்ஸ்டன் ரீட் தலையால் வென்று கொடுத்தார். 3-2. 1904 முதல் இருந்த இடம். இப்போது அடுக்குமாடி வீடுகள், அப்டன் கார்டன்ஸ்.

அணி குடிபோன லண்டன் ஸ்டேடியம் 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டியது, ஓட்டப் பாதையின் இடைவெளியை எந்த மூடியாலும் மறைக்கமுடியவில்லை. மேல் தட்டிலிருந்து பார்த்தால் யார் கோல் போட்டது என்பதைத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். நான் இரண்டாவது பருவத்தோடு ரிக்கெட்டை விட்டுவிட்டேன்.

ஆனால் ஜூலை 21இல் விலை பற்றி எழுதினதோடு இதையும் சேர்க்கவேண்டும்: அங்கே போன முதல் வருடம் ஆகக் குறைந்த பருவ ரிக்கெட் 289 பவுண். பழைய இடத்தைவிட மலிவு. அறுபதாயிரம் இருக்கை என்பதால் ஈஸ்ட் ஹாம், பார்க்கிங் பக்கத்து இளம் குடும்பங்கள், நம்மவர்கள் உட்பட, முதல்முறையாக உள்ளே போனார்கள். என் மருமகன் அப்படிப் போனவன்தான். அவனுக்கு அந்த அரங்குதான் வீடு. "உங்கள் மைதானத்தில் மூத்திரம் ஓடியது என்று நீங்கள்தானே எழுதினீர்கள் மாமா" என்கிறான்.

2023 ஜூன் 7, பிராக், ஐரோப்பிய கொன்ஃபரன்ஸ் லீக் இறுதி. ஃபியோரென்டீனாவுக்கு எதிராக 90ஆவது நிமிடம் பக்கேட்டா வெட்டிக் கொடுத்து, போவன் தனியாக ஓடினார். 1980க்குப் பிறகு முதல் பெரிய கிண்ணம் (இன்டர்டோட்டோ என்ற சின்னக் கிண்ணத்தை யாரும் இழுக்கவேண்டாம்). மருமகன் பிராக்கில், நான் சோபாவில். அவன் அழுதான், நானும்தான். அப்டன் பார்க்கில் இருந்திருந்தால் அந்தக் கிண்ணத்துக்குப் போட்டியிடும் காசு அணிக்கு வந்திருக்குமா? வந்திராது என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

2024 ஆகஸ்ட் 25

பெண்கள் அணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று மகள் தோளுக்கு மேலால் படித்துவிட்டுக் கேட்கிறாள். சரி. 1921இல் இங்கிலாந்துச் சங்கம் பெண்களை அணி மைதானங்களில் ஆடவிடாமல் தடை போட்டது. அதற்கு முந்திய வருடம் எவர்ட்டனின் குடிசன் பார்க்கில் டிக் கேர் பெண்கள் அணியைப் பார்க்க ஐம்பதாயிரத்துக்கு மேல் சனம் வந்திருந்தது. சனம் வராததால் அல்ல, வந்ததால்தான் தடை என்பது என் எண்ணம். ஐம்பது வருடம் அந்தத் தடை நின்றது. 2022இல் வெம்பிளியில் ஜெர்மனியை 2-1 வென்று யூரோவை எடுத்தது அந்தப் பெண்கள்தான். ஆண்கள் இன்னும் 66ஐத் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

வெஸ்ட் ஹாம் பெண்கள் டாகனத்தில் ஆடுகிறார்கள். மகள்தான் கூட்டிக்கொண்டுபோவாள். சின்ன மைதானம், ரிக்கெட் மலிவு, கோல்காப்பாளர் பின்வரிசையை ஏசுவது சொல் சொல்லாகக் கேட்கிறது. சிப்ஸ் படுமோசம்.

2024 செப்டம்பர் 1

நேற்று ஹாலண்ட் ஒருவரே மூன்று, சிட்டியிடம் 1-3. அடுத்த கேள்வி.

இந்த மாதம் படிக்க லண்டன் வருகிற ஒரு மாணவி, கையில் காசில்லாமல் மட்ச் பார்க்க வழி கேட்டிருக்கிறார். பிரீமியர் லீக் ரிக்கெட்டை மறுவிற்பனைக்காரரிடம் வாங்காதீர்கள், ஏமாற்று அதிகம். லேய்டன் ஓரியன்ட் போங்கள், சென்ட்ரல் லைனில் லேய்டனில் இறங்கி நடக்கலாம். டாகனம் சொல்லிவிட்டேன். ஃபாரஸ்ட் கேட்டில் ஓல்ட் ஸ்பொட்டட் டோக் என்ற பழைய மைதானம், கிளாப்டன் கம்யூனிட்டி அணி, ரசிகர்களே சொந்தமாக நடத்துகிறார்கள். யாரும் உங்களை ஏற இறங்கப் பார்க்கமாட்டார்கள். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்கள் இந்த நாட்டில் நேரலையாக ரிவியில் வராது, அறுபதுகளிலிருந்து அப்படித்தான், ஆகவே வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று நினைக்கவேண்டாம்.

சென்னைத் தம்பிக்கும் சொல்லிவையுங்கள். வந்தால் நான் கூட்டிக்கொண்டுபோகிறேன், யுனைட்டட் சட்டையோடு வரக்கூடாது.